உஷார்! எல்லா மாதமும் 110/70 என்றால்...

உங்கள் வீட்டில் கர்ப்பிணி யாராவது இருந்தால் அவருடைய தாய் சேய் நல அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். ரத்த அழுத்தம் எழுதும் கட்டத்தில் ஐந்தாம் மாதம் 110/70, ஆறாம் மாதம் 110/70, ஏழாம் மாதமும் அதே 110/70 என்று இருக்கிறதா? உஷார்! ரத்த அழுத்தம் மாதா மாதம் எண் பிசகாமல் அப்படியே நிற்பது அபூர்வம். கையில் பட்டையைச் சுற்றி அளக்காமல், போன மாதத்து எண்ணையே திரும்ப எழுதியிருக்கலாம்.

இது சின்ன விஷயமில்லை. கர்ப்பத்தின் இருபதாவது வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அது அபாய மணி. ஆரம்பத்தில் வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. தலைவலியும் கண் மங்கலும் வரும்போது காரியம் கைமீறத் தொடங்கியிருக்கும். அடுத்து வலிப்பு. தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து. இதை முன்கூட்டியே பிடிக்க ஒரு கருவியும், சில நிமிஷமும், நிதானமான ஒரு ஆளும் போதும். கருவி இருக்கிறது. ஆளும் இருக்கிறார். அவருடைய நிதானம்தான் பறிபோய்க்கொண்டிருக்கிறது.

உடனே அந்தச் செவிலியரைச் சோம்பேறி என்று ஏசக் கிளம்பிவிடாதீர்கள். சோம்பேறித்தனம் என்றால் ஒரு மெமோவில் முடிந்துவிடும். இங்கே நடப்பது வேறு. பத்துப் பதினைந்து வருஷம் ஓடி ஓடி உழைத்தவர் ஒரு கட்டத்தில் உள்ளுக்குள் ஓய்ந்துபோகிறார். உடம்பு வேலைக்கு வருகிறது, மனசு வருவதில்லை. பணிச்சோர்வு, பர்ன் அவுட் என்று சொல்வது இதைத்தான். குமரி மாவட்டத்தின் துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்தச் சோர்வு பிடிப்பதற்கான காரணங்கள் அத்தனையும் ஒன்றுகூடி நிற்கின்றன. அதனால்தான் இந்த எச்சரிக்கை.

ஒரு புதன்கிழமையைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராம சுகாதாரச் செவிலியரின் கையில் வந்துசேரும் கேரியரில் நான்கு ஐஸ் பேக், நடுவே மருந்துக் குப்பிகள். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்தைப் போடலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் வெப்பம் தாக்கிய மருந்து, தொடக் கூடாது. பி.சி.ஜி., தட்டம்மை-ரூபெல்லா மருந்துகளைக் கரைத்ததும் நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுத வேண்டும். நாலு மணி நேரம் தாண்டினால், பாதி மருந்து மிச்சமிருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். எந்தக் குழந்தைக்கு எது, தொடையிலா கையிலா, தோலுக்குள்ளா தசைக்குள்ளா என்று ஒவ்வொரு முறையும் மனசு விழித்திருக்க வேண்டும். ஊசி போட்டபின் அரைமணி நேரம் குழந்தையை அங்கேயே வைத்துக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவும் பிள்ளைகளின் அழுகைக்கும் "சிஸ்டரே, பஸ் போயிரும், சீக்கிரம் விடுங்க" என்ற அவசரத்துக்கும் நடுவில். அந்தச் சின்னச் சதுரத்தின் நிறத்தைப் பார்க்கத் தூக்கம் கெட்ட கண் போதாது என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

ஊசி முடிந்தால் எழுத்து. பதிவேட்டில் எழுதியதை இணையத்திலும் ஏற்ற வேண்டும். கர்ப்பிணியைப் பதிந்து வாங்கும் பிக்மி எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழில் சிக்கல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் சிக்கல். அந்தத் தவணை தாமதமானால் சென்னையில் இருக்கும் கணினியை யாரும் கேட்கப்போவதில்லை. வாசலில் நிற்கும் செவிலியரைத்தான் கேட்பார்கள்: "எங்க பைசா எங்க சிஸ்டரே?"

பிறந்த குழந்தையை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டிய நாள்கள் 3, 7, 14, 21, 28, 42. அதே நாள்களில் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை, காசநோய்க் கணக்கு, காய்ச்சல் கணக்கு, குடும்பநலக் கணக்கு, மாதாந்தரக் கூட்டம். ஒவ்வொன்றும் நல்ல திட்டம்தான், ஒவ்வொன்றும் தேவைதான். ஆனால் புதுத் திட்டம் ஒன்று வரும்போது பழைய வேலை ஒன்று குறைவதே இல்லை. எல்லாம் அதே இரண்டு கைகளில் வந்து விழுகிறது. இணையப் பதிவேற்றத்தைத் தனி ஆளிடம் கொடுங்கள் என்று கிராம சுகாதாரச் செவிலியர் சங்கங்கள் வருஷக்கணக்கில் கேட்டுவருவது இதனால்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் போனால் இரவுப் பணியில் பல இடங்களில் ஒரே ஒரு செவிலியர். பிரசவ வலியில் வருபவர், பாம்புக்கடி, குடித்துவிட்டு மண்டை உடைந்து வருபவர், கூடவே சத்தம் போடும் பத்துப் பேர் என எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான். 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையிலேயே, பட்டப்பகலில், பணியிலிருந்த மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். தலைநகரத்துப் பெரிய மருத்துவமனையில் அந்தக் கதி என்றால், மலையடிவாரத்து நிலையத்தில் நள்ளிரவில் தனியாக இருக்கும் பெண்ணின் மனசு எப்படி இருக்கும்?

குமரியில் பாரம் ஏன் கூடுதல்?

மாவட்டம் சின்னது, ஆனால் நெருக்கம் பெரியது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 18.7 லட்சம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். மாநில சராசரி 555 தான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது நாடு முழுவதற்குமான அளவுகோல். வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கும் கடற்கரைக் கிராமங்களில் அந்த எல்லைக்கோட்டைப் பிடித்து நிறுத்துவது லேசில்லை.

மலையோரம் போனால் ரப்பர். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை, கீரிப்பாறை வட்டாரத்தில் பால்வெட்டு நடக்கும் தோட்டங்களில் மரத்துக்கு மரம் சிரட்டை. மழைக்காலத்தில் வெட்டு நின்றதும் அத்தனை சிரட்டையிலும் தண்ணீர். டெங்குக் கொசுவுக்கு இதைவிட நல்ல தொட்டில் வேறு கிடையாது. சுகாதார ஆய்வாளரும் கொசு ஒழிப்புப் பணியாளரும் அட்டைக்கடி வாங்கிக்கொண்டு ஒவ்வொரு சிரட்டையாகக் கவிழ்த்துவைத்துவிட்டுத் திரும்புவார்கள். அடுத்த வாரம் போனால் மறுபடி நிமிர்ந்து கிடக்கும், மறுபடி தண்ணீர். செய்த வேலை கண்முன்னே அழிந்துபோவதைப் போல மனசை முறிப்பது வேறில்லை. மலைக்கு மேலே காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்குப் போக வேண்டியவருக்கோ பாதி நாள் பாதையிலேயே போய்விடும்.

இன்னொரு பக்கம் கேரள எல்லை. 2021 ஜூலையில் ஜிகா வைரஸ் தொற்று கேரளத்தில் முதலில் உறுதியானது களியக்காவிளைக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாறசாலையில், ஒரு கர்ப்பிணிக்கு. அது கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்தும் ஓயாத நேரம். எல்லைக் கிராமங்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் அதே களப்பணியாளர்கள்தான். நிபா என்றாலும் களியக்காவிளையில் நிற்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இதற்கு மேல் கடல். 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கரையோர ஊர்கள் கடலுக்குப் போனவர்களுக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருமழை. ஒவ்வொரு முறையும் இந்தப் பணியாளர்கள் மருத்துவ முகாம் போட்டார்கள், குளோரின் கலந்தார்கள், காய்ச்சல் பார்த்தார்கள். முகாம் முடிந்து வீட்டுக்குப் போன அந்தப் பணியாளருக்கு என்ன ஆச்சு என்று பார்க்க ஒரு முகாம் போட்டதாக எவராவது கேள்விப்பட்டதுண்டா?

7,700 ரூபாய் நினைவிருக்கிறதா?

2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகப் பரீட்சை எழுதித் தேறி வந்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்குத் தரப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் வந்தார்கள். நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பர் கடைசி வாரம் சென்னை டி.எம்.எஸ். எனும் மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு, பணிக்குத் திரும்பச் சொன்னது. குமரியை ஒக்கி அடித்தது அதே வாரத்தில்தான். போராட்டப் பந்தலிலிருந்து எழுந்து வந்தவர்களுக்கு மூச்சு விடக்கூட இடைவெளி இருக்கவில்லை.

ஊதியம் பின்னால் 14,000, 18,000 என்று ஏறியது உண்மை. ஆனால் பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்யும் நிரந்தரச் செவிலியரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது எட்டாத தூரம். கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடித்துவைக்கப்பட்டது. மாவட்ட சுகாதாரச் சங்கங்கள் வழியாக மாற்றுப் பணி தருவதாக அரசு சொன்னது. ஆனாலும் கவச உடைக்குள் வெந்த கைகளுக்குக் கிடைத்த புத்தாண்டுச் செய்தி அதுதானே?

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது. வீட்டு வாசலுக்கே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் அருமையான திட்டம். 2024-இல் ஐக்கிய நாடுகள் விருதும் வாங்கியது. அந்த விருதைச் சுமந்து நடந்த தன்னார்வலப் பெண்களுக்கு மாதத் தொகை ஐயாயிரத்தைச் சுற்றித்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2025 பிப்ரவரி 10 முதல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் ஆஷா பணியாளர்கள் எட்டு மாதத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவர்களுடைய மதிப்பூதியம் 7,000, கேட்டது 21,000. நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடும் தூரத்தில் நடந்த இந்தப் போராட்டத்தை நம்மில் எத்தனை பேர் நமக்கான எச்சரிக்கையாகப் படித்தோம்?

மருத்துவர்களும் நிம்மதியாக இல்லை. 2009-இல் வந்த அரசாணை 354-இன்படி ஊதிய உயர்வு கேட்டு 2019 அக்டோபரில் வேலைநிறுத்தமே செய்தார்கள்.

குமரிக்கு ஆஸ்பத்திரிப் பழக்கம் புதிதில்லை. நெய்யூரில் 1838-லேயே மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. நர்ஸ் வேலை இங்கே எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியிருக்கிறது. ஆகவே இங்குள்ள பெண்களுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தான் ஊசி போட்ட பிள்ளை ஸ்கூல் பையோடு ஓடுவதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே முப்பது வருஷம் இந்தத் துறையில் நின்றவர்கள் உண்டு. அந்தச் சந்தோஷத்துக்கு நேரம் விடாமல் பதிவேடும் கெடுவும் ஒப்பந்தமும் நெரிப்பதுதான் அவர்களை உடைக்கிறது. மனசு விட்டுப்போனவர்களில் திறமைசாலிகள் வளைகுடாவுக்கும் வெளிநாட்டுக்கும் விமானம் ஏறிவிடுவார்கள். போக வழியில்லாதவர்கள் இங்கேயே இருந்து ஓய்ந்துபோவார்கள். இரண்டிலும் நஷ்டம் நமக்கு.

அறிகுறிகள் இவை

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வைத் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் விளக்கியபோது இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொன்னது. ஒன்று, இது வேலையிடத்தில் நீடிக்கும் அழுத்தத்தைச் சரிவரக் கையாளாததால் வருவது. இரண்டு, இதற்கு மூன்று முகம் உண்டு.

முதல் முகம், தீராத அசதி. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தாலும் திங்கட்கிழமை உடம்பு எழும்பாது. செல்போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கும். சாப்பாடு நேரம் தவறும், சர்க்கரையும் அழுத்தமும் ஏறும். ஊருக்கெல்லாம் பி.பி. பார்ப்பவர் தன் பி.பி.யைப் பார்த்து வருஷமாகியிருக்கும்.

இரண்டாவது முகம், விலகல். "மக்களே, மாத்திரை போட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், "அடுத்த ஆள்" என்று மட்டும் சொல்லத் தொடங்குவார். நோயாளிக்குப் பெயர் போய் நம்பர் ஆகிவிடும். தொட்டதற்கெல்லாம் எரிச்சல், அல்லது எதற்கும் ஒரு சொல்கூட இல்லாத மௌனம். இதில் மௌனம்தான் மிகவும் ஆபத்து, ஏனென்றால் அது யார் கண்ணிலும் படாது.

மூன்றாவது முகம், நம்பிக்கை இழப்பு. 'நான் என்ன செய்தும் என்ன ஆகப்போகுது' என்ற எண்ணம். அட்டையில் 110/70 தானாக எழுதப்படுவது இந்தக் கட்டத்தில்தான்.

இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலே, சக ஊழியரும் வீட்டாரும் உஷாராக வேண்டும். 'அவளுக்கு எப்பவும் முகம் இப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள்.

கணக்கு பொய் சொல்லாது

இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்ட விஷயம், நோயாளிக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு ஆராய்ச்சி பதில் வைத்திருக்கிறது. 170 ஆய்வுகளை, ஏறத்தாழ 2,39,000 மருத்துவர்களின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2022-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பின்படி, பணிச்சோர்வில் இருப்பவர்களிடம் நோயாளியின் பாதுகாப்புக்கு ஆபத்தான தவறு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. வேலையில் அதிருப்தி நாலு மடங்கு, வேலையை விட்டுப் போகும் எண்ணம் மூன்று மடங்கு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் நடந்து 2002-இல் வெளியான பெயர்பெற்ற ஆய்வில், ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினாலே பணிச்சோர்வின் வாய்ப்பு 23 சதவீதமும், அறுவைச் சிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடியது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் எச்சரித்தன.

பென்சில்வேனியா வேறு, பேச்சிப்பாறை வேறு என்று சொல்லலாம். அங்கே ஆளும் வசதியும் இங்கிருப்பதைவிட அதிகம். அங்கேயே இப்படி என்றால் இங்கே இன்னும் கவனம் வேண்டும் என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை

அரசுக்கு: காலியிடங்களை நிரப்புங்கள். ஒரு செவிலியர் இரண்டு, மூன்று துணை நிலையங்களைக் 'கூடுதல் பொறுப்பு' என்று சுமப்பது நிரந்தர ஏற்பாடாக மாறிவிடக் கூடாது. ஒரே விவரத்தைப் பதிவேட்டிலும் இணையத்திலும் திரும்பத் திரும்ப எழுதவைப்பதை நிறுத்துங்கள். ஒப்பந்தத்தில் வருஷக்கணக்காக இருப்பவர்களை நிரந்தரமாக்கத் தேதி சொல்லுங்கள். இரவுப் பணியில் செவிலியரைத் தனியே விடாதீர்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்குபவர்களைத் தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. அதைக் கிராமத்து நிலையத்துக்கும் வேலை செய்ய வையுங்கள். ஒரு நாள் யோகா வகுப்பு எடுத்துப் போட்டோ பிடித்து அனுப்புவதால் இந்தச் சோர்வு போகாது.

வட்டார மருத்துவ அலுவலர்களுக்கு: மாதக் கூட்டத்தில் 'டார்கெட் ஏன் குறைந்தது' என்று எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்பதை விடுங்கள். 110/70 வரிசையாக வந்தால் தண்டிக்கும் முன் அவருடைய வாரத்து வேலையை எழுதிப் பாருங்கள். தவறைச் சொல்ல வந்தவருக்கு மெமோ கொடுத்தால், அடுத்த தவறு மறைக்கப்படும். மறைக்கப்பட்ட தவறுதான் உயிரைக் குடிக்கும்.

ஊராட்சிக்கும் தோட்ட உரிமையாளர்களுக்கும்: துணை நிலையக் கட்டடத்தில் தண்ணீர் வருகிறதா, கழிவறை இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். வெட்டு நின்ற நாளில் சிரட்டையைக் கவிழ்த்துவைப்பது தோட்டத்துக்காரரின் பொறுப்பு. சுகாதாரப் பணியாளர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பணியாளர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: தூக்கம் தொடர்ந்து கெட்டால், அழுகை காரணமில்லாமல் வந்தால், 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப்பார்த்தாலும் பொறுத்துக்கொண்டு போகாதீர்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். நம்பும் ஒரு சக ஊழியரிடம் சொல்லுங்கள். உங்கள் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இந்த வாரமே பாருங்கள். அளக்காத எண்ணை எழுதாதீர்கள். நேரம் இல்லையென்றால் 'பார்க்கவில்லை' என்று எழுதுங்கள். அந்த உண்மை உங்களையும் காக்கும், அந்தத் தாயையும் காக்கும்.

பொதுமக்களாகிய நமக்கு: அடுத்த முறை போகும்போது கர்ப்பிணியின் கையை நீட்டி, "சிஸ்டர், பி.பி. ஒருக்கா பாத்திருங்க" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அட்டையில் ஏறும் எண்ணை நீங்களும் படியுங்கள். பணம் தாமதமானால் அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள், செவிலியரின் வாசலில் சண்டை போடாதீர்கள். கிராமசபைக் கூட்டத்தில் ரோடு, விளக்கோடு சேர்த்து, 'எங்கள் துணை நிலையத்தில் ஆள் இருக்கிறாரா, ஒருவர் எத்தனை நிலையம் பார்க்கிறார்?' என்ற கேள்வியையும் எழுப்பித் தீர்மானமாக எழுதவையுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வசதியுள்ளவர்கள் இது தங்களுக்கில்லை என்று நினைத்தால் ஏமாந்துபோவார்கள். டெங்குக் கொசு வீட்டு வரவு செலவு பார்த்துக் கடிப்பதில்லை. பக்கத்துத் தெருவில் விடுபட்ட ஒரு தட்டம்மை ஊசி உங்கள் பேரனையும் தேடி வரும். ஊரின் முதல் காவல் ஆரம்ப சுகாதாரம்தான், அதில் நிற்பவர்கள் ஓய்ந்தால் அடுத்த காவல் கிடையாது. அவர்களுக்கு ஆள் கொடுங்கள், நியாயமான கூலி கொடுங்கள், மூச்சுவிட நேரம் கொடுங்கள். அடுத்த கிராமசபையிலேயே இதைக் கேளுங்கள்.